ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் பாதுகாப்புப் பக்கத்தை எப்படி அடுக்குவது? (லாக்4ஜே பக்கத்தை முன்வைத்து)

தாழ்வாரம் எழுதியது:

வணக்கம். நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சின்ன சி மொழி நூலகத்தைப் பராமரித்து வருகிறோம். வெளியிலிருந்து வரும் ஆவணக் கோப்புகளைத் திறந்து, உள்ளே இருக்கும் உரையை எடுத்துத் தருவது அதன் வேலை. இப்படிப்பட்ட நிரலில் நினைவகப் பிழைகள் வருவது சகஜம். வந்தவற்றை எல்லாம் எங்கள் தளத்தில் "பாதுகாப்பு" என்ற ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். பக்கம் இப்போது மிக நீளமாகிவிட்டது. மேலே எங்கள் கொள்கை, அடுத்து எங்களுக்கு ரகசியமாக எழுத உதவும் பிஜிபி சாவி, அதன் கீழ் நன்றிப் பட்டியல், அதற்கும் கீழே தேதிவாரியாக ஒவ்வொரு ஓட்டையைப் (பாதுகாப்புக் குறையைப்) பற்றியும் இரண்டு மூன்று பத்திகள்.

பயன்படுத்துபவர்கள் அதைப் படிப்பதில்லை. "நாங்கள் இந்தப் பதிப்பை வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பாதிப்பு உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்கிறார்கள். பதில் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஐந்தாவது பத்தியின் நடுவில் இருக்கிறது.

முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பார்த்தது லாக்4ஜே பக்கம் (ஜாவா செயலிகள் நடப்பதைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் நூலகம் அது). 2021 டிசம்பரில் அதில் பெரிய ஓட்டை ஒன்று வெளியானபோது அந்தப் பக்கத்தைத் திறக்காத நிர்வாகி குறைவு. அப்போது அதைத் திருத்தப் பதிப்பை வைத்து அடுக்கியிருந்தார்கள். "2.17.1-இல் (ஜாவா 8), 2.12.4-இல் (ஜாவா 7), 2.3.2-இல் (ஜாவா 6) சரிசெய்யப்பட்டவை" என்பது போலத் தலைப்பு, அதன் கீழே சிவிஇ எண்ணும் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) விவரமும். பின்னால் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது சிவிஇ எண்ணே தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரியான சின்ன அட்டவணை: சுருக்கம், மதிப்பெண், எந்தக் கூறு, பாதிக்கப்பட்ட பதிப்புகள், சரியான பதிப்புகள்.

இரண்டில் எது உங்களுக்கு உதவும்? செர்வர் பார்த்துக்கொள்பவர்கள், பேக்கேஜ் கட்டுபவர்கள், ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

செர்வர்_காவல் எழுதியது:

அந்த டிசம்பரில் நானும் அந்தப் பக்கத்தோடுதான் இரவெல்லாம் இருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். எங்கள் மெஷின்களில் தேடினால் லாக்4ஜே என்று பெயரில் வரும் ஜார் கோப்புகள் (ஜாவா நிரல் பொதிகள்) ஏகப்பட்டவை கிடைத்தன. அதில் எதைத் தொட வேண்டும், எதை விடலாம்? பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது: பாதிப்பு லாக்4ஜே-கோர் என்ற கோப்பில் மட்டும்தான், லாக்4ஜே-ஏபிஐ மட்டும் வைத்திருக்கும் செயலிகளுக்கு இந்த ஓட்டை இல்லை. அந்த ஒரு வரியால் எங்கள் பட்டியல் பாதிக்கு மேல் குறைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த லாக்4நெட், லாக்4சிஎக்ஸ்எக்ஸ் இரண்டுக்கும் பாதிப்பு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் டாட்நெட் குழு அதைப் பார்த்த பிறகுதான் தூங்கப் போனது.

அதனால் என் முதல் வேண்டுகோள்: யாருக்குப் பாதிப்பு இல்லை என்பதை எழுதுங்கள். பல திட்டங்கள் இதைச் செய்வதில்லை. குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்த சமயத்தில் இது தெளிவாக இருந்தது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, 1.0.1ஜி-யில் சரி, 1.0.0 கிளைக்கும் 0.9.8 கிளைக்கும் பாதிப்பே இல்லை. பழைய 0.9.8 வைத்திருந்தவர்கள் அந்தக் கடைசித் துண்டைப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் அவர்களும் அந்த வாரம் முழுக்க மாட்டியிருப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருத்தப் பதிப்புவாரியான அடுக்கு அன்றைக்கு எங்களைக் கஷ்டப்படுத்தியது. 2.15.0 வந்தது. ஏற்றினோம். அது முழுத் தீர்வு இல்லை என்று சிவிஇ-2021-45046 வந்தது, 2.16.0 ஏற்றினோம். அப்புறம் சிவிஇ-2021-45105, அதற்கு 2.17.0. மாதக் கடைசியில் சிவிஇ-2021-44832, அதற்கு 2.17.1. ஒவ்வொரு தடவையும் பக்கத்தின் மேலே புதுத் தலைப்பு ஏறும், பழையது கீழே போகும். மேலதிகாரி "அந்த முதல் ஓட்டை அடைபட்டதா?" என்று கேட்டால் நான் தலைப்பு தலைப்பாக இறங்கி அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அவர் கையில் இருப்பது சிவிஇ எண். செய்தித்தாளில் வந்ததும் அதுதான். எனவே எண் தலைப்பாக இருப்பதே மேல்.

நூல்கண்டு எழுதியது:

காவல் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு இடத்தில் இல்லை. எண்ணைத் தலைப்பாக வைத்தால் "எண் தெரிந்து வருபவர்" பயனடைவார். தாழ்வாரத்துக்கு வரும் மின்னஞ்சல்களில் எண் இல்லையே, பதிப்புதானே இருக்கிறது? "எங்களிடம் இந்தப் பதிப்பு இருக்கிறது, இதில் என்னென்ன பாக்கி?" என்று வருபவருக்கும் ஒரு வாசல் வேண்டும். இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டம் இதை நன்றாகச் செய்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு. 7.69.0 வைத்திருப்பவர் அந்தப் பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், அதில் உள்ள ஓட்டைகள் எல்லாம் அங்கேயே வரிசையாக நிற்கும். சாக்ஸ்5 (ஒரு ப்ராக்ஸி முறை) தொடர்பான சிவிஇ-2023-38545-உம் அதில் வரும், ஏனென்றால் அந்தக் குறை 7.69.0-இல் நுழைந்து 8.4.0-இல்தான் போனது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பக்கத்திலும் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வழி இருக்கிறது, ஆதரவு முடிந்த பதிப்புகளுக்கும் கூட.

இன்னொன்று, நான் பேக்கேஜ் கட்டுபவன் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். டிஸ்ட்ரோக்கள் (டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள்) திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுகின்றன, பதிப்பு எண் அப்படியே இருக்கும். ஹார்ட்பிளீடுக்கு டெபியனின் "வீசி" என்ற வெளியீட்டில் வந்த திருத்தம் 1.0.1இ-2+டெப்7யு5 என்ற பேக்கேஜ். திட்டத்தின் பக்கத்தைப் படித்தால் 1.0.1இ பாதிக்கப்பட்டது. செர்வரிலும் 1.0.1இ என்றுதான் இருக்கும். ஆனால் ஓட்டை அடைபட்டுவிட்டது. ஓட்டை தேடும் ஸ்கேனர்கள் இதைத் தவறாகச் சிவப்பில் காட்டி, நிர்வாகிகள் பயந்துபோய் டிஸ்ட்ரோ பேக்கேஜை நீக்கிவிட்டு மூலத்திலிருந்து தாங்களே கட்டி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு டிஸ்ட்ரோவின் அப்டேட் எதுவும் அந்த நூலகத்துக்குப் போகாது. முன்னைவிட மோசமான நிலை அது.

ஆகவே அட்டவணைக்கு மேலே ஒரு வாக்கியம் போடுங்கள்: "இங்கே உள்ளவை நாங்கள் வெளியிட்ட பதிப்புகள். டிஸ்ட்ரோ வழியாக நிறுவியிருந்தால் அவர்களின் பாதுகாப்பு அறிவிப்பைப் பாருங்கள்." கூடவே ஒவ்வொரு ஓட்டைக்கும் திருத்தம் எந்த கமிட்டில் (நிரலில் பதிவான மாற்றத்தில்) இருக்கிறது என்று சுட்டி கொடுங்கள். எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

ஓட்டைதேடி எழுதியது:

எல்லோரும் வாசகரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அலைபவரும் இந்தப் பக்கத்தின் வாசகர்தான். தாழ்வாரம் கொள்கையைக் கீழே தள்ளப் போகிறார் என்று தோன்றுகிறது. தயவுசெய்து தொடர்பு முகவரியையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

நான் அனுபவப்பட்டதைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர்களின் பாதுகாப்புப் பக்கத்தில் முகவரி நீண்ட கொள்கை உரைக்குள் இருந்தது. அதற்கு எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. வேறு வழி இல்லாமல் பொது இஷ்யூ (எல்லோரும் பார்க்கும் புகார்) பக்கத்தில் "பாதுகாப்பு விஷயம் ஒன்று பேச வேண்டும், யாராவது தொடர்புகொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதிக் காத்திருந்தேன். வேறொருவராக இருந்தால் முழு விவரத்தையும் அங்கேயே கொட்டியிருப்பார்.

முகவரி இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம், ஆனால் பக்கத்தின் உச்சியில் இருக்கட்டும். "பொது இஷ்யூவில் எழுதாதீர்கள், இந்த முகவரிக்கு எழுதுங்கள், இத்தனை நாளுக்குள் பதில் வரும்." அவ்வளவுதான். உங்கள் நிரல் கிட்ஹப் தளத்தில் இருந்தால் 2023-இலிருந்து எல்லோருக்கும் கிடைக்கும் தனிப்பட்ட முறையில் புகார் தரும் வசதியை இயக்கிவிடுங்கள். தளத்தில் வெல்-நோன் அடைவுக்குள் செக்யூரிட்டி டெக்ஸ்ட் கோப்பு (.well-known/security.txt) ஒன்றும் வையுங்கள். ஆர்எஃப்சி 9116 அதற்கான வரையறை, 2022-இல் வந்தது. கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டே புலங்கள், தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும். காலாவதித் தேதியை ஓராண்டுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அதைப் புதுப்பிக்கும் சாக்கில் முகவரி உயிரோடு இருக்கிறதா என்று வருடம் ஒருமுறையாவது யாரோ ஒருவர் பார்ப்பார்.

தாழ்வாரம் எழுதியது:

> முகவரி இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம், ஆனால் பக்கத்தின் உச்சியில் இருக்கட்டும்.

இது சரி. நான் கொள்கையை வேறு பக்கத்துக்கு நகர்த்த நினைத்திருந்தேன், முகவரியும் அதோடு போயிருக்கும். இரண்டையும் பிரித்துவிடுகிறேன். முகவரி இங்கே மேலே. எத்தனை நாள் ரகசியமாக வைப்போம், யாருக்கு முன்கூட்டிச் சொல்வோம் போன்றவை கொள்கைப் பக்கத்தில்.

நூல்கண்டு சொன்ன இரண்டு வாசல் யோசனைதான் எனக்குக் கஷ்டமாகத் தெரிகிறது. கர்ல் அளவுக்கு எங்களிடம் ஆள் இல்லை. ஒரே தகவலை இரண்டு இடத்தில் கையால் எழுதினால் ஆறு மாதத்தில் ஒன்றுக்கொன்று முரண்படும். பாதுகாப்புப் பக்கத்தில் முரண்பாடு இருப்பதைவிட ஒரு வாசல் குறைவாக இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

எண்சுவடி எழுதியது:

கையால் எழுதாதீர்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சின்னத் தரவுக் கோப்பு, அதிலிருந்து பக்கங்கள் எல்லாம் தானாக உருவாகட்டும். ஓஎஸ்வி என்று ஒரு வடிவம் இருக்கிறது. எந்தப் பதிப்பில் ஓட்டை நுழைந்தது, எதில் அடைபட்டது என்று நிகழ்வுகளாக எழுதுவது அதன் அடிப்படை. எழுதப் பத்து நிமிடம் ஆகும். அந்தக் கோப்புகளைச் சுற்றி வந்து எண்வாரியாக ஒரு பக்கம், பதிப்புவாரியாக ஒரு பக்கம் எழுதும் நிரல் நூறு வரிகூட வராது. லாக்4ஜே குழுவும் இதே பாதையில்தான் போகிறது. சைக்ளோன்டிஎக்ஸ் வடிவத்தில் தங்கள் எல்லாக் கூறுகளுக்கும் ஓட்டைகளின் கோப்பு ஒன்றை வெளியிடுகிறார்கள். கர்ல் ஜேசான் என்ற தரவு வடிவில் தருகிறது.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பெல்லாம் அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமான என்விடி எல்லா சிவிஇ-க்கும் பதிப்பு வரம்பும் மதிப்பெண்ணும் சேர்த்துத் தந்துவிடும், ஸ்கேனர்கள் அதைக் குடித்து வளர்ந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து அவர்களின் அலசல் வேலை வெகுவாகப் பின்தங்கிவிட்டது. பதிப்பு வரம்பை நீங்களே கணினிக்குப் புரியும்படி வெளியிடாவிட்டால் உங்களுக்காக யாரோ ஊகித்து எழுதுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. லாக்4ஜே பக்கத்தில் வரம்புகளைக் கணிதப் பாணியில் சதுர அடைப்பு, வளைவு அடைப்பு போட்டு, இடையில் சேர்ப்புக் குறியுடன் எழுதுகிறார்கள். துல்லியம்தான், தரவுக் கோப்பில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடு இரவில் போனில் படிப்பவருக்கு "2.0-பீட்டா9 முதல் 2.14.1 முடிய பாதிப்பு, 2.15.0-உம் போதாது, கீழே பார்க்க" என்று எழுதினால்தான் புரியும். மனிதருக்கான பக்கத்தில் வாக்கியமாக எழுதுங்கள்.

செர்வர்_காவல் எழுதியது:

அடைப்புக்குறி விஷயத்தில் நூறு சதவீதம் ஆமோதிக்கிறேன். எங்கள் குழுவில் அந்தக் குறிகளைப் படித்துவிட்டு எல்லைப் பதிப்பு உள்ளே வருமா வெளியே நிற்குமா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் போடுவீர்களா தாழ்வாரம்? எங்கள் இடத்தில் சிவிஎஸ்எஸ் எண் (10-க்கு இத்தனை என்று தரும் கடுமை மதிப்பெண்) இல்லாவிட்டால் டிக்கெட்டே திறக்க முடியாது. 9-க்கு மேல் என்றால் ஒரு நடைமுறை, 7-க்குக் கீழ் என்றால் மாதாந்திரப் பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டைதேடி எழுதியது:

அந்த நடைமுறைதான் ஆபத்து, காவல். நீங்களே சொன்ன சிவிஇ-2021-45046-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதற்குக் கிடைத்தது 3.7. செயலியை நிறுத்த வைக்கலாம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். சில நாட்களிலேயே சில சூழல்களில் வெளியிலிருந்து நிரலையே ஓடவைக்கலாம் என்று தெரிந்து 9.0 ஆக்கினார்கள். முதல் நாள் 3.7-ஐப் பார்த்து "மாதாந்திரப் பராமரிப்பு" என்று ஒதுக்கியவர் திரும்பிப் பார்த்திருப்பாரா?

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. கர்லில் மறு முயற்சிக்கான காத்திருப்பு நேரத்தைப் படிக்கும் இடத்தில் ஒரு முழுஎண் வழிதல் பிழை இருந்தது, 2019-இலேயே திருத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் யாரோ அதற்கு சிவிஇ-2020-19909 என்று எண் வாங்க, என்விடி 9.8 கொடுத்தது. கர்ல் குழு எதிர்த்து எழுதிய பிறகு 3.3-க்கு இறங்கியது. 2024 ஜனவரியில் கர்ல் தானே சிவிஇ எண் வழங்கும் அமைப்பாகப் பதிவு செய்துகொண்டது. அவர்கள் இன்றைக்கும் சிவிஎஸ்எஸ் எண் தருவதில்லை. குறைவு, நடுத்தரம், அதிகம், மிகக் கடுமை என்று நான்கு படிகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒரு நூலகத்தை எழுதியவருக்கு அது எந்தெந்த இடத்தில் எப்படியெல்லாம் பயன்படும் என்று தெரியாது, தெரியாதபோது தசமப் புள்ளியோடு எண் கொடுப்பது எப்படி நேர்மையாகும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் அதே கருத்து.

எண்சுவடி எழுதியது:

நேர்மை சரி, ஆனால் நீங்கள் எண் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுப்பார், காவலின் டிக்கெட்டில் அந்த எண்தான் ஏறும். எனவே எழுத்தில் ஒரு நிலை, பக்கத்தில் வெக்டரோடு (எதை வைத்துக் கணக்கிட்டோம் என்ற குறிப்போடு) ஒரு மதிப்பெண், ஏன் அந்த நிலை என்று ஒரு வரி. மதிப்பு மாறினால் மாறிய தேதியும் காரணமும் கீழே. ஓப்பன்எஸ்எஸ்எல் 2022 அக்டோபர் 25 அன்று "மிகக் கடுமையான" குறை ஒன்றுக்குத் திருத்தம் வரப்போகிறது என்று முன்னறிவிப்பு கொடுத்தது. நவம்பர் 1 அன்று 3.0.7 வந்தபோது அதை ஒரு படி குறைத்துவிட்டார்கள். ஏன் குறைத்தோம் என்பதையும் கூடவே விளக்கினார்கள். ஊர் முழுக்க ஒரு வாரம் பதறியிருந்தது, இருந்தும் அந்த விளக்கத்தைப் படித்தவர்களுக்குக் குழுவின் மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை.

புதுவரவு எழுதியது:

இழையைப் படித்து வருகிறேன், எனக்கு அனுபவம் குறைவு, இருந்தாலும் இரண்டு சந்தேகம். ஒன்று, திருத்தம் வருவதற்கு முன்னால் "இந்த அமைப்பை மாற்றினால் போதும்" என்று எழுதிவிட்டு, அது போதாது என்று பின்னால் தெரிந்தால் அந்த வரியை நீக்கிவிடலாமா? இரண்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் தனியாக "இந்தப் பதிப்புக்குப் போங்கள்" என்று எழுதுவதற்குப் பதில் பக்கத்தின் மேலேயே "எப்போதும் கடைசிப் பதிப்பை வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் என்ன?

செர்வர்_காவல் எழுதியது:

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நீக்கக் கூடாது. லாக்4ஜே-யில் நடந்தது அதுதான். 2.10-உம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் பதிவாகும் செய்திக்குள் லுக்கப் (குறியீட்டைக் கண்டால் வேறிடத்திலிருந்து மதிப்பை எடுத்து வைப்பது) நடப்பதை நிறுத்தும் அமைப்பை இயக்கினால் போதும் என்று முதலில் சொன்னார்கள். அந்த வரி அன்றைக்கே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வலைப்பதிவு, விற்பனையாளர் மின்னஞ்சல், அலுவலகச் சுற்றறிக்கை எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பின்னால் வேறு வழிகளிலும் லுக்கப் நடக்கும், அந்த அமைப்பு போதாது என்று தெரிந்தது. அப்போது பக்கத்திலிருந்து வரியைச் சத்தமில்லாமல் எடுத்திருந்தால், ஏற்கெனவே அதைச் செய்து முடித்து "நாங்கள் பத்திரம்" என்று நினைத்தவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. லாக்4ஜே குழுவினர் "நம்பிக்கை இழந்த பழைய தடுப்பு முறைகள்" என்கிற அர்த்தத்தில் தனித் தலைப்பே போட்டு, எந்த முறை, ஏன் போதாது என்று எழுதினார்கள். வெளி செர்வர்களிலிருந்தும் எடுத்துவரும் ஜேஎன்டிஐ லுக்கப் வகுப்பை ஜாரிலிருந்தே நீக்கிவிடுவதுதான் மிஞ்சிய வழி என்பதும் அங்கேயே இருந்தது. எங்கள் பழைய செயலி ஒன்றில் அமைப்பை மட்டும் மாற்றி வைத்திருந்ததை அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் மறுபடி திறந்தோம். நான் பார்த்த பாதுகாப்புப் பக்கங்களிலேயே மிகவும் பொறுப்பாக எழுதப்பட்ட பகுதி அது என்று சொல்வேன்.

நூல்கண்டு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான். தம்பி, "கடைசிப் பதிப்புக்குப் போங்கள்" என்பது பெரும்பாலும் நல்ல அறிவுரைதான். ஆனால் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது, சிவிஇ-2024-3094. பின்கதவு (ரகசியமாக நுழைத்து வைத்த வழி) இருந்தது 5.6.0, 5.6.1 இரண்டிலும். அன்றைய தேதியில் கடைசிப் பதிப்பே அதுதான். ஒழுங்காக அப்டேட் செய்து வந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள், பழைய 5.4 வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். பல நாட்களுக்கு எல்லோரும் சொன்னது "5.4.6-க்கு இறங்குங்கள்". 5.6.2 வந்தது மே மாதக் கடைசியில்தான்.

அதனால் தாழ்வாரத்தின் அட்டவணையில் "சரிசெய்த பதிப்பு" என்று ஒரு நெடுவரிசை மட்டும் வைத்தால் இப்படிப்பட்ட நாளில் அங்கே எழுத எதுவும் இருக்காது. "என்ன செய்ய வேண்டும்" என்று தனியாக ஒரு புலம் இருக்கட்டும். சாதாரண நாளில் அதில் "இந்தப் பதிப்புக்கு மாறுங்கள்" என்று இருக்கும். வேறு நாளில் "இறங்குங்கள்", "இந்த வசதியை நிறுத்துங்கள்", "சாவிகளை மாற்றுங்கள்" என்று இருக்கும். ஹார்ட்பிளீடுக்குக்கூட நூலகத்தை மாற்றினால் மட்டும் போதவில்லையே, சான்றிதழ் சாவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்ட தளங்கள் ஏராளம்.

ஓட்டைதேடி எழுதியது:

இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. எது உங்கள் கணக்கில் ஓட்டை, எது இல்லை என்பதை எழுதுங்கள். எஸ்கியூலைட் தரவுத்தள நூலகம் தன் பக்கத்தில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தங்கள் மேல் வந்த பழைய புகார்கள் எல்லாவற்றுக்கும் இரண்டில் ஒன்றாவது தேவைப்படும். ஒன்று, தாக்குபவர் தான் விரும்பிய எஸ்கியூஎல் கட்டளையை ஓட்ட முடிய வேண்டும். இல்லையென்றால் தான் சிதைத்த தரவுத்தளக் கோப்பை உங்கள் செயலி திறக்கும்படி செய்ய முடிய வேண்டும். இந்த இரண்டும் உங்கள் செயலியில் நடக்காது என்றால் பெரும்பாலான சிவிஇ-கள் உங்களைத் தொடாது. அந்தப் பத்தியின் கீழே ஒவ்வொரு எண்ணாக எடுத்து, இது ஏன் பெரிதில்லை, இது எதில் சரியானது என்று அட்டவணை இருக்கிறது.

உங்கள் நூலகம் நேர் எதிர். வெளியாள் கொடுக்கும் கோப்பைத் திறப்பதே அதன் வேலை. எனவே "கெட்ட கோப்பைத் திறந்தால் நினைவகம் சிதைகிறது" என்பது உங்களுக்கு எப்போதும் ஓட்டைதான், அதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். ஆனால் "மிகப் பெரிய கோப்பைக் கொடுத்தால் நிறைய நேரம் எடுக்கிறது" என்பது? கட்டளை வரிக் கருவிக்கு அழைப்பவரே தவறான விருப்பம் கொடுத்தால் அது விழுந்துவிடுகிறது என்பது? இவற்றில் உங்கள் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்தால், புகார் தருபவருக்கும் உங்களுக்கும் எவ்வளவோ சண்டை மிச்சம். இப்போதெல்லாம் கருவிகளை ஓட்டிவிட்டு வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்புபவர்கள் அதிகம். பராமரிப்பாளர்கள் சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். அவர்கள் நேரத்தைக் காப்பாற்ற இந்தப் பகுதியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாக இதையே யோசித்துப் புது வரைவு எழுதிவிட்டேன். அமைப்பை மட்டும் சொல்கிறேன்.

பக்கம் திறந்ததும் இரண்டு வரி: ஓட்டை கண்டால் யாருக்கு எழுதுவது, பதில் எப்போது வரும். உடனே அதன் கீழே எந்தக் கிளைகளுக்கு இன்னும் திருத்தம் தருகிறோம், எவற்றுக்கு நிறுத்திவிட்டோம். நிறுத்திய கிளைகளைப் பட்டியலில் பெயரோடு வைத்திருக்கிறேன். லாக்4ஜே 1.எக்ஸ்-க்கு ஆதரவு 2015 ஆகஸ்டிலேயே முடிந்திருந்தும் 2021-இல் ஆயிரக்கணக்கானவர்கள் "1.எக்ஸ்-க்கு இது உண்டா?" என்று கேட்டதை நினைத்துத்தான். முடிந்துபோன கிளையைச் சோதித்தோமா இல்லையா என்பதையும் எழுதுகிறேன். சோதிக்கவில்லை என்றால் "பாதிப்பு இல்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து டிஸ்ட்ரோ பற்றிய வாக்கியம். அப்புறம் முக்கிய அட்டவணை, சிவிஇ எண்வாரியாக, புதியது மேலே. ஒவ்வொரு எண்ணையும் அழுத்தினால் தனிப் பக்கம்: என்ன செய்ய வேண்டும், யாருக்குப் பாதிப்பு, யாருக்கு இல்லை, நிலையும் காரணமும், திருத்த கமிட், செல்லாத பழைய அறிவுரைகள், காலவரிசை, கண்டுபிடித்தவருக்கு நன்றி. "என்ன செய்ய வேண்டும்" என்பதை வேண்டுமென்றே முதலில் வைத்தேன். தொழில்நுட்ப விளக்கம் கடைசியில். குழுவில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, எதனால் வந்தது என்று தெரியாமல் எப்படி நம்புவார்கள் என்கிறார். விளக்கம் எங்கும் போகவில்லை, ஒரு திரை கீழே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பதிப்புவாரிப் பக்கங்கள் தரவுக் கோப்பிலிருந்து தானாக வருகின்றன. எண்சுவடி சொன்னது போலவே நிரல் சின்னதுதான். மதிப்பெண் விஷயத்தில் நிலையை எழுத்தில் போட்டு, வெக்டரைத் தனிப் பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். அட்டவணையில் எண் இல்லை. காவலுக்கு ஒரு கிளிக் கூடுதல், மன்னிக்க வேண்டும்.

எது ஓட்டை, எது இல்லை என்ற பகுதி பாதிதான் எழுதியிருக்கிறேன். நேரம் அதிகம் எடுக்கும் கோப்புகள் பற்றி எங்களுக்குள் இன்னும் பேசி முடியவில்லை.

செர்வர்_காவல் எழுதியது:

ஒரு கிளிக் பரவாயில்லை. தனிப் பக்கத்தில் கடைசியாகத் திருத்திய தேதியும் என்ன மாறியது என்பதும் இருக்கட்டும். நான் காலையில் படித்துவிட்டுப் போன பக்கம் மாலையில் மாறியிருந்தால் எது மாறியது என்று முழுவதையும் மறுபடி படிக்க வைக்காதீர்கள். ஆர்எஸ்எஸ் ஓடையும் கொடுத்தால் இன்னும் நல்லது.

நூல்கண்டு எழுதியது:

வரைவைப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும். பழைய பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் இருந்த உள்சுட்டிகள் (பக்கத்தின் நடுவில் அந்த இடத்துக்கே நேராகப் போகும் சுட்டிகள்) புதுத் தளத்தில் வேலை செய்யவில்லை. டிஸ்ட்ரோ அறிவிப்புகளிலும் சிவிஇ பதிவுகளிலும் அந்த முகவரிகள்தான் இருக்கின்றன, அவற்றை இனி யாரும் போய்த் திருத்த மாட்டார்கள். பழைய பக்கத்தின் முகவரியை அப்படியே வைத்து, ஒவ்வொரு உள்சுட்டியின் இடத்திலும் புதுப் பக்கத்துக்கு ஒரு வரி போடுங்கள். செர்வர் அளவில் திருப்பிவிட்டால் போதாது, முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் இருப்பது செர்வருக்கே வராது.

தாழ்வாரம் எழுதியது:

இது என் நினைவிலேயே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள். பழைய பக்கத்தை அந்த வரிகளோடு தானாக உருவாக்கும்படி நிரலில் சேர்த்துவிடுகிறேன். தரவுக் கோப்பில் "பழைய உள்சுட்டி" என்று ஒரு புலம் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) போடுகிறேன். டெபியன் பக்க அறிவிப்புகளில் எங்கள் முகவரி வரும் இடங்களின் பட்டியல் உங்களிடம் இருந்தால் அதில் ஒட்டிவிடுங்கள், ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்துவிடலாம்.